அவர்களிடம் கேட்டோமா?

"பத்தாம் வகுப்பு முடிந்ததும் என்ன படிக்கப் போகிறாய்?"

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் இந்தக் கேள்வியைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாணவர் எழுந்து, "அப்பா பெங்களூருல கட்டட வேலைக்குப் போயிருக்காரு சார். அவரு வந்து சொன்னாதான் தெரியும்" என்கிறார். அடுத்த வரிசையில் பார்வைக் குறைபாடுள்ள மாணவி. அவர் வாய் திறக்கும் முன்பே பக்கத்துத் தோழி, "அவங்க வீட்ல இதோட நிறுத்திடுவாங்க சார்" என்று சொல்லிவிடுகிறார்.

இருவரது எதிர்காலமும் பிறர் முடிவில் இருக்கிறது. ஆனால் இருவரது நிலையும் ஒன்றல்ல.

தன்னிர்ணயம் என்பது என்ன?

தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுத்தல், அதை அடையத் திட்டமிட்டுச் செயல்படுதல், தன் முயற்சிக்குப் பலன் உண்டு என நம்புதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே தன்னிர்ணயம். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் வெமேயர், கேரி ஷோக்ரன் போன்ற ஆய்வாளர்கள் இத்திறனை அளக்க ஒரு வினாத்தொகுப்பை உருவாக்கியுள்ளனர். 13 முதல் 22 வயது வரையுள்ள, குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் அதே வினாக்களுக்கு விடையளிக்கலாம். இத்திறன் பிறவியில் வருவதன்று, வாய்ப்பும் பயிற்சியும் கிடைத்தால் வளர்வது என்பதே அவர்களது அடிப்படைக் கருத்து.

எல்லாவற்றையும் தனியாகச் செய்வது தன்னிர்ணயம் ஆகாது. சொல்வதை எழுதுபவரின் உதவியோடு தேர்வு எழுதும் மாணவியும் தன்னிர்ணயம் உள்ளவரே. விடை அவருடையது, கை மட்டுமே மற்றவருடையது.

சுமையும் பறிப்பும்

மல்லாட்டை ஆயும் நாள்களில் சில இருக்கைகள் காலியாகின்றன. விடுப்பு எடுத்த மாணவர் கூலி வாங்கி, கடைக் கணக்கை அடைத்து, தம்பிக்கு நோட்டும் வாங்கியிருப்பார். அவருக்கு முடிவெடுக்கத் தெரியும். ஆனால் எடுக்கும் முடிவெல்லாம் இன்றைய தேவைக்கே போய்விடுகிறது. தன் நாளையைப் பற்றி எண்ண இடமில்லை. அவருக்குத் தேவை தகவலும் பொருளுதவியும்.

மாற்றுத்திறன் மாணவரின் நிலை வேறு. உணவு, உடை, நண்பர், பாடப்பிரிவு என எல்லாவற்றையும் அன்பின் பெயரால் பிறரே முடிவு செய்கிறார்கள். அவருக்குத் தேவை, முடிவெடுத்துப் பார்க்கவும் தவறித் திருந்தவும் ஒரு வாய்ப்பு. வறிய குடும்பத்து மாற்றுத்திறன் மாணவருக்கு இரண்டுமே தேவை.

வகுப்பறையில் மூன்று கேள்விகள்

அதே ஆய்வாளர்கள் பரிந்துரைக்கும் கற்பித்தல் முறை மூன்று கட்டங்களைக் கொண்டது. நம் வகுப்புக்கு ஏற்ப அவற்றை இப்படிக் கேட்கலாம்:

1. இந்த மாதம் நான் அடைய விரும்புவது என்ன?
2. அதற்கு என் திட்டம் என்ன? தடையாக இருப்பது எது?
3. என்ன நடந்தது? இலக்கை மாற்றவா, திட்டத்தை மாற்றவா?

இலக்கு சிறிதாக இருக்கட்டும். "வாரம் நான்கு நாள் தவறாமல் வருவேன்" என்பதும் நல்ல இலக்கே. தொடக்கநிலையில், எந்தக் கதையை வாசிப்பது, யாரோடு குழுவில் சேர்வது என்ற தேர்வுகளே போதும். மூன்றாவது கேள்வியை மட்டும் விட்டுவிடக் கூடாது. தவறிய திட்டத்தைத் தானே திருத்தும்போதுதான் நம்பிக்கை பிறக்கிறது.

தகவலும் உதவியே

கையில் ஒரே வழி இருப்பவரிடம் "நீயே முடிவு செய்" என்பதில் பொருளில்லை. ஆகவே வழிகளைச் சொல்ல வேண்டியது நம் கடமை.

• 8ஆம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வில் தெரிவானால், 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை.
• அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேர்வோருக்கு மாதம் 1,000 ரூபாய்: மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டம் (2022), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் (2024).
• மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ளோருக்கு 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை.

பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளுக்கு நாம் விண்ணப்பிக்கிறோம். விண்ணப்பிக்கும் முன் அந்த மாணவரைக் கேட்கிறோமா? "எனக்கு விலக்கு வேண்டாம், நேரம் மட்டும் போதும்" என்று அவர் நினைக்கலாம். வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநருடன் பேசும்போது மாணவரும் உடன் இருக்கட்டும். பெற்றோர் சந்திப்பிலும் முதலில் அவரே பேசட்டும். குழந்தையின் கருத்துக்குச் செவிசாய்க்க வேண்டும் என்று கூறும் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992இலேயே ஏற்றுள்ளது.

பெற்றோரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் இருக்கும் தந்தையிடம் மாலையில் ஐந்து நிமிடம் அலைபேசியில் பேசினால், மகனின் விருப்பத்தையும் அதற்குக் கிடைக்கும் உதவியையும் சேர்த்தே அவருக்குச் சொல்லிவிடலாம்.

நாளை அந்த மாணவியிடம் மீண்டும் கேளுங்கள். தோழியைச் சற்றுப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். பதில் வரத் தாமதமாகலாம், காத்திருங்கள்.