ஃபில்டரைக் காதால கேளுங்க!

லேப்ல லோ பாஸ் ஃபில்டருக்கு கிராஃப் வரைஞ்சிருப்பீங்க. அது எப்படி ஒலிக்கும்னு கேட்டிருக்கீங்களா? எனக்குப் பிடிச்ச ரெண்டு டிராக் சொல்றேன். கடலூர்–சிதம்பரம் ரயில்ல போகும்போது ஹெட்போன்ல கேளுங்க. போன் ஸ்பீக்கர்ல பேஸ் சுத்தமா வராது.

முதல்ல 'ஆசிட் டிராக்ஸ்'. சிகாகோவின் ஃபியூச்சர் குழு 1987-ல வெளியிட்டது. ஆசிட் ஹவுஸ் என்ற வகையே இங்கிருந்துதான் கிளம்பியது. பத்து நிமிஷத்துக்கு மேல ஒரே பேஸ் லைன் ஓடும். ஆனா போரடிக்காது, ஏன்னா மாறிக்கிட்டே இருப்பது ஃபில்டர். கட்-ஆஃபை ஏத்த ஏத்த, மந்தமான சத்தம் திறந்து கூர்மையாகும். ரெசொனன்ஸைக் கூட்டினா, கட்-ஆஃபை ஒட்டிய அதிர்வெண்கள் மட்டும் எழும்பி 'க்வீங்'னு கத்தும். கிராஃப்ல கட்-ஆஃப் பக்கத்துல வர்ற மேடு அதுதான். கருவி, ரோலண்ட் டிபி-303. பேஸ் கிட்டாருக்குப் பதிலா வந்து, விலைபோகாம, 1984-ல உற்பத்தியே நின்னுபோச்சு. அதனால செகண்ட் ஹேண்ட்ல சல்லிசா கிடைச்சது.

அதே 303-ஐ, டிஆர்-808 டிரம் மெஷினோட சேர்த்து, 1982-லயே பம்பாய் சினிமா இசைக் கலைஞர் சரண்ஜித் சிங் வாசிச்சுட்டார். பத்து ராகங்கள், டிஸ்கோ தாளத்தில் ஒரு ஆல்பம். அப்போ விற்கலை, 2010-ல மறுவெளியீடு வந்தப்புறம்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. 'ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடிச்சதே இந்தியர்தான்'னு சொல்றதை நான் ஏத்துக்கலை. சிகாகோ பசங்க இதைக் கேட்டதுக்கு ஆதாரம் இல்லை. பெருமைக்காக இல்லாம, இசைக்காகக் கேளுங்க.

அதுல மால்கௌன்ஸ் ராகத்துல ஆரம்பிங்க. நம்ம ஹிந்தோளம்தான், ரி, ப கிடையாது. 303-ல ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போற ஸ்லைட் வசதி உண்டு. முதல் தடவை அந்த வழுக்கலை மட்டும் கவனிங்க, ரெண்டாவது தடவை ஃபில்டரை.