தும்மல் காலமும் அக்குபஞ்சர் ஊசியும்

மழை ஓய்ந்து பனி இறங்கும் நாட்களில் சில வீடுகளுக்குத் தும்மல்தான் அலாரம். எழுந்ததும் அடுக்காகப் பத்துத் தும்மல், பிறகு தண்ணீராக ஒழுகும் மூக்கு. தெருக்கோடித் தரிசில் பார்த்தீனியம் பூத்திருந்தால் கண்ணும் சேர்ந்து அரிக்கும். "நாலு ஊசி குத்திக்கோ, சரியாயிடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அக்குபஞ்சருக்குக் கிளம்புகிறவர்கள், கிளம்பும் முன் இதைப் படித்துவிடலாம்.

செய்ய வேண்டியவை

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் அடைக்கிற மூக்கு, ரத்தம் கலந்து வரும் சளி, வாசனையே தெரியாமல் போவது இவற்றுக்கெல்லாம் வேறு காரணம் இருக்கலாம். மூக்கின் நடுத்தண்டு வளைந்திருந்தால் எந்த ஊசியும் அதை நிமிர்த்தாது.

எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டு போங்கள். ஜெர்மனியில் பிர்ச் மரம், புல் ஆகியவற்றின் மகரந்தத்தால் அவதிப்பட்ட 422 பேரை மூன்று குழுவாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது, 2013-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு உரிய புள்ளிகளில் ஊசி, இன்னொன்றுக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் மேலோட்டமான ஊசி, மூன்றாவது குழுவுக்கு ஊசியே இல்லை. தேவைப்பட்டால் செட்டிரிசின் மாத்திரை போட்டுக்கொள்ள எல்லோருக்கும் அனுமதி. எட்டு வாரத்தில் 12 முறை ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தொல்லை குறைந்தது, மாத்திரையும் குறைந்தது. ஆனால் பொய் ஊசிக்கும் மெய் ஊசிக்கும் இடையே வித்தியாசம் சிறியதுதான். பதினாறாவது வாரத்தில் அதுவும் இல்லை. ஆக, பருவத்தைக் கொஞ்சம் லேசாகக் கடக்க உதவலாம். அலர்ஜியை வேரோடு பிடுங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த ஆய்வாளர்கள் செய்த ஒரு காரியத்தை நீங்களும் செய்யலாம்: மாத்திரையை எண்ணுங்கள். சமையலறைக் காலண்டரில், மாத்திரை போட்ட நாளில் ஒரு புள்ளி. இரண்டு வாரம் ஊசிக்கு முன், பிறகு ஊசி தொடங்கியபின். "கொஞ்சம் பரவாயில்ல மாதிரி இருக்கு" என்ற மனக்கணக்கைவிட இந்தப் புள்ளிக்கணக்கு நேர்மையானது. ஆறேழு முறைக்குப் பிறகும் புள்ளி குறையவில்லையென்றால் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

ஊசிப் பொட்டலத்தை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமிகள் பரவும். கேட்பதில் கூச்சம் வேண்டாம். கேள்வியே பிடிக்காதவரிடம் மூக்கைக் காட்டவும் வேண்டாம்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வரும். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் படுத்த நிலையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றாலோ, பேஸ்மேக்கர் வைத்திருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு மின்சாரம் இணைத்த ஊசி ஆகாது.

செய்யக்கூடாதவை

மருந்தை நிறுத்தக்கூடாது. இதைத்தான் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். நம் ஊரில் ஊசியே இல்லாமல் விரலால் தொட்டு வைத்தியம் செய்யும் ஹீலர்களும் அக்குபஞ்சர் என்ற பெயரில்தான் இயங்குகிறார்கள். அவர்களில் சிலர் "இங்கிலீஷ் மருந்தையெல்லாம் விட்டாத்தான் இது வேலை செய்யும்" என்பார்கள். மேலே சொன்ன ஆய்விலேயே மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வீசிங் உள்ளவர் இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டு ஊசிக்குப் போவது விளையாட்டல்ல, உயிர் போகலாம்.

2019-ல் மத்திய சுகாதார அமைச்சகம் அக்குபஞ்சரைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றது உண்மைதான். சுவரில் அந்த ஆணையின் நகல் தொங்குவதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது முறைக்குக் கிடைத்த ஏற்பு. ஊசி பிடிக்கும் கைக்கு எங்கே, எத்தனை ஆண்டு பயிற்சி என்று தனியாகத்தான் கேட்க வேண்டும்.

மூக்கு அலர்ஜிக்காக நெஞ்சிலோ மேல்முதுகிலோ ஆழமாகக் குத்த விடாதீர்கள். அபூர்வமாக நுரையீரல் உறையில் ஓட்டை விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்தபின் நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ வந்தால், "ஊசி வேலை செய்யுது" என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கர்ப்பிணிகள், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையில் ஊசி போட்டுக்கொள்ளக்கூடாது என்பது அக்குபஞ்சர்காரர்களின் பழைய விதி. பிரசவ வலியைத் தூண்டும் என்று கருதுகிறார்கள். மூக்கு அலர்ஜிக்கு வழக்கமாகக் குத்தும் இடமும் அதுவே. ஆகவே நாள் தள்ளிப்போயிருந்தாலே சொல்லிவிடுங்கள்.

இருபது சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். தள்ளுபடி தருகிறார்கள் என்றாலும்தான்.

காணொளி பார்த்து வீட்டில் நீங்களே குத்திக்கொள்ளவும் வேண்டாம். கை சும்மா இருக்க மாட்டேன் என்றால், மூக்குச் சிறகுகளின் இருபுறப் பள்ளத்திலும் சுட்டுவிரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். மூக்கு திறந்தால் நல்லது. திறக்காவிட்டால் மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்ப்ரே இருக்கிறது. ஆனால் அது முழுதாக வேலை செய்யச் சில நாட்கள் ஆகும், அதையும் ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.