மீன் தொட்டிக்கான நீர் வடிகட்டி: குறைகளைக் கண்டறியும் முறை

குழாய் நீரில் கரைந்த உப்புக்கள் மிகுந்துள்ள ஊர்களில், டிஸ்கஸ், நியான் டெட்ரா போன்ற மென்னீர் மீன்களை வளர்ப்போர், வழக்கில் ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடு பரவல் கருவியை நாடுகின்றனர். கருவி பழுதுற்றதும் சவ்வையே மாற்றிவிடுவது பலரின் வழக்கம். ஆனால் சவ்வு பெரும்பாலும் வேறோர் உறுப்பின் குறையினாலேயே கெடுகிறது. அக்குறையைக் களையாமல் புதுச் சவ்வைப் பொருத்தினால் அதுவும் விரைவில் கெடும். இடையில் மீன்களும் மடியக்கூடும்.

செறிவு குறைந்த நீர், மெல்லிய சவ்வின் வழியே செறிவு மிகுந்த நீரை நோக்கிச் செல்வது சவ்வூடு பரவல். செறிவு மிகுந்த பக்கத்தில் போதிய அழுத்தம் தந்தால் நீர் எதிர்த்திசையில் செல்லும், உப்புக்கள் பின்தங்கும். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் உருவாக்கிய சவ்வு இம்முறையை நடைமுறைக்கு உகந்ததாக்கியது. இன்றைய வீட்டுக் கருவிகளில் உள்ள பாலியமைடு சவ்வு உப்பைச் சிறப்பாகத் தடுப்பினும், குளோரினைத் தாங்காது.

அளந்தறிதல்

கருவியைக் கழற்றுமுன் மூன்று அளவுகளை எடுத்தல் வேண்டும். முதலாவது, வரும் நீரிலும் வடிநீரிலும் உள்ள உப்பின் அளவு. இரண்டாவது, ஒரு நிமிடத்தில் கிடைக்கும் வடிநீரின் அளவு. மூன்றாவது, அதே நிமிடத்தில் வெளியேறும் கழிவுநீரின் அளவு. வரும் நீரில் லிட்டருக்கு 800 மில்லிகிராமும், வடிநீரில் 32 மில்லிகிராமும் இருப்பின், சவ்வு 96 விழுக்காட்டு உப்பைத் தடுக்கிறது எனலாம். இது நல்ல நிலை. வடிநீரில் 160 மில்லிகிராம் இருப்பின் தடுப்பு 80 விழுக்காடே. இங்குக் குறை உளது.

நீர் குறைதல்

வடிநீர், கழிவுநீர் ஆகிய இரண்டும் குறைந்தால், வண்டல் வடிகட்டி அடைபட்டிருக்கும். அல்லது பம்பு தளர்ந்திருக்கும். வடிநீர் குறைந்து கழிவுநீர் பெருகினால், கழிவுக் குழாயிலுள்ள நுண்துளைத் தடுப்பான் கெட்டு, அழுத்தம் உண்டாகாமற் போயிருக்கும். கழிவுநீர் மட்டும் பெரிதும் குறைந்தால் அத்தடுப்பான் அடைபட்டது என்க. அந்நிலையில் உப்புக்கள் வெளியேற இயலாது சவ்வின்மீது படியும். நீரின் வெப்பநிலையையும் நோக்குதல் வேண்டும். 25 பாகை செல்சியஸில் உள்ள நீர் 15 பாகையாகக் குளிர்ந்தால், வடிநீர் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறையும். வட இந்தியக் குளிர்காலத்தில் இது பழுதன்று; இயல்பே.

உப்பு மிகுதல்

கருவி ஓய்ந்திருக்கையில் உப்புக்கள் சவ்வின் வழியே மெல்லப் பரவுகின்றன. ஆதலின் தொடக்கத்தில் வரும் வடிநீரைச் சில நிமிடங்கள் ஒதுக்கிவிட்டே அளத்தல் வேண்டும். குடிநீருக்கான பல கருவிகளில், சுவைக்கெனச் சிறிது மூலநீரை வடிநீருடன் கலக்கும் வால்வு உண்டு. அது திறந்திருப்பின், சவ்வு நன்றாயிருந்தும் உப்பு மிகும். எனவே சவ்வினின்று நேரே வரும் குழாயில் நீரைப் பிடித்துச் சோதிக்க வேண்டும். அங்கும் உப்பு மிகுந்திருப்பின், சவ்வு உறையிலுள்ள ரப்பர் வளையம் நன்கு பொருந்தியுளதா எனக் காண்க.

வளையமும் நன்றாயிருந்து, வடிநீரின் அளவும் உப்பும் ஒருங்கே கூடியிருந்தால், குளோரின் சவ்வை அரித்திருத்தல் கூடும். கரி வடிகட்டியைக் கடந்து வரும் நீரைக் குளோரின் சோதனைத் துளிகளால் ஆராய்ந்தால் உண்மை விளங்கும். கரி வலுவிழந்திருப்பின், முதலில் மாற்ற வேண்டியது அதுவே, பின்னரே சவ்வு.

மீன்களின் நலம்

வடிநீர் மிகத் தூயதாயிருப்பதும் மீனுக்கு இடர் தரும். கார்பனேட்டு உப்புக்கள் அறவே குறைந்த நீரில் அமிலத்தன்மை திடீரென உயரக்கூடும். மேலும், மீனின் செவுள்களிலும் சவ்வூடு பரவலே நிகழ்கிறது. உப்புச் செறிவு திடீரென மாறினால் உடல் அதனைத் தாங்காது. மேற்கூறிய எடுத்துக்காட்டில், 4 பங்கு வடிநீருடன் குளோரின் நீக்கிய குழாய் நீர் 1 பங்கைக் கலந்தால், லிட்டருக்கு ஏறக்குறைய 185 மில்லிகிராம் உப்புள்ள நீர் கிடைக்கும். ஒரு முறையில் தொட்டி நீரின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதிருத்தல் நலம். மாலி, கப்பி போன்றவை கடினநீரிலேயே செழிப்பவை. அவற்றுக்கு இக்கருவியே வேண்டுவதில்லை.

திங்கள்தோறும் இம்மூன்று அளவுகளையும் ஓர் ஏட்டில் குறித்து வருவோர், குறை முற்றுமுன்னரே அதனை உணர்வர். சவ்வுக்கான செலவும், வீணாகும் நீரும் குறையும், மீன்களும் காக்கப்படும்.