கேன் வாட்டர் ஆலைக்குப் புது மெஷின்: எதை வாங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்

கேன் வாட்டர் ஆலைக்குப் புது மெஷின் விற்க வருகிறவர்கள் முதலில் பேசுவது கரண்ட் மிச்சத்தைப் பற்றித்தான். அதை அங்கேயே ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். மணிக்கு 2,000 லிட்டர் நல்ல தண்ணீர் தரும் ஆர்.ஓ. பிளான்ட்டில் 3 ஹெச்.பி. ஹை பிரஷர் பம்ப் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஏறத்தாழ 2.2 யூனிட். அந்த ஒரு மணி நேரத்தில் 20 லிட்டர் கேன் 100 நிரம்பும். யூனிட் 8 ரூபாய் என்றாலும் கேனுக்கு 18 பைசாவைத் தாண்டாது. இதைப் பாதியாகக் குறைக்கும் மெஷினே வந்தாலும், நாளைக்கு 400 கேன் போடும் ஆலைக்கு மிச்சம் 36 ரூபாய். டெலிவரி வண்டி இரண்டு தெரு சுற்றினால் டீசலில் போய்விடும் காசு.

பார்க்க வேண்டியது ரிஜெக்ட்டை, அதாவது ஆர்.ஓ. வெளியே தள்ளும் உப்புத் தண்ணீரை. 400 கேன் என்றால் 8,000 லிட்டர். பாதி நல்லது, பாதி ரிஜெக்ட் என்று ஓடும் பிளான்ட்டுக்கு 16,000 லிட்டர் வேண்டும். மூன்றில் இரண்டு பங்கை நல்ல தண்ணீராக எடுக்க முடிந்தால் 12,000 லிட்டர் போதும், அதாவது ஒரே ஒரு பெரிய லாரி. சொந்த போர் இருப்பவர்களுக்கும் இது சும்மா வருகிற தண்ணீர் இல்லை. 2020 தொடக்கத்தில், அனுமதி இல்லாமல் நிலத்தடி நீர் எடுத்த ஆலைகளுக்குச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைத்தார்கள். கேன் உற்பத்தியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். எடுக்க அனுமதித்த அளவில்தான் தொழில் என்றால், சாக்கடைக்குப் போகும் ஒவ்வொரு லிட்டரும் உங்கள் கணக்கில்தான் கழிகிறது.

ஆனால் ரிஜெக்ட்டைக் குறைக்க ஒரு எல்லை உண்டு. அதைத் தண்ணீர்தான் சொல்லும். பாதி எடுத்தால் ரிஜெக்ட்டில் உப்பு இரண்டு மடங்கு. மூன்றில் இரண்டு எடுத்தால் மூன்று மடங்கு. நான்கில் மூன்று எடுத்தால் நான்கு மடங்கு. பாறைப் பகுதி போர்களில் சிலிக்கா கூடுதலாக இருப்பது சகஜம். அது 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 120 மில்லிகிராம் வரைதான் கரைந்து நிற்கும். போர் தண்ணீரில் 25 இருந்தால் நான்கு மடங்கானாலும் 100, பயமில்லை. 40 இருந்தால் மூன்று மடங்கிலேயே விளிம்புக்கு வந்துவிடும், நான்கில் 160. சிலிக்காவுக்கென்றே விற்கும் ஆன்டிஸ்கேலன்ட் இந்த வரம்பைக் கொஞ்சம் நீட்டித் தரும், அவ்வளவுதான். படிந்துவிட்டால் வழக்கமான ஆசிட் கழுவலுக்குக் கால்சியம் போகும், சிலிக்கா அசையாது. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 பட்டியலில் சிலிக்கா கிடையாது. அதனால் லேப்பில் மாதிரி கொடுக்கும்போது தனியாகச் சொல்லி எழுத வைக்க வேண்டும். அந்த எண் கையில் இல்லாமல் எந்தக் கொட்டேஷனையும் பேச உட்காராதீர்கள்.

எண் சாதகமாக இருந்தால் முதலில் செய்ய வேண்டியது மிக மலிவான வேலை: ரிஜெக்ட்டில் ஒரு பங்கை ஒரு வால்வு வைத்துப் பம்ப்பின் வாய்க்கே திருப்பிவிடுவது. நல்ல தண்ணீரின் டி.டி.எஸ். கொஞ்சம் ஏறும். இப்போது 60, 70 என்று ஓடுகிற ஆலைக்கு அது பொருட்டே இல்லை; உச்ச வரம்பு 500. ரிஜெக்ட்டுக்கென்று தனியாக இரண்டாவது ஆர்.ஓ. வைப்பது அதற்கு அடுத்த படி. அதில் முதலில் அடைபடுவது அந்த இரண்டாவது மெம்பரேன்தான் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அதிகம் பேசப்படுவது சி.டி.ஐ. (கெபாசிட்டிவ் டிஅயனைசேஷன்) முறை. கார்பன் மின்வாய்களுக்கு ஒன்றரை வோல்ட்டுக்குள் மின்சாரம் கொடுத்தால் உப்பு அயனிகள் அதில் ஒட்டிக்கொள்ளும். நிறைந்ததும் மின்சாரத்தை மாற்றிவிட்டால் உதிர்ந்துவிடும். ஹை பிரஷர் பம்ப் இல்லை, ரிஜெக்ட் குறைவு. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் இந்தத் தொழில்நுட்பத்தில் ஒரு நிறுவனமே வளர்ந்திருக்கிறது. நடுநிலைத் தண்ணீரில் சிலிக்காவுக்கு மின்னேற்றம் அநேகமாக இல்லாததால், அது பிடிபடாமல் அப்படியே கடந்து போகும். மெம்பரேனை அடைத்த அதே போர் இங்கே தொல்லை தராது. 1,500 டி.டி.எஸ்.ஸுக்குள், சிலிக்கா அதிகமுள்ள ஊருக்கு நான் தயங்காமல் பரிசீலிப்பேன். 3,000க்கு மேல் என்றால் வேண்டாம்.

மின்னேற்றம் இல்லாததைப் பிடிக்காது என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கிருமியையும் பல பூச்சிமருந்துகளையும் சி.டி.ஐ. தடுக்காது. 2003இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் (சி.எஸ்.இ.) பாட்டில் தண்ணீரில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதை வெளிக்கொண்டுவந்த பிறகு அதற்கான விதிகள் இறுகிவிட்டன. ஆர்.ஓ.வில் மெம்பரேன் என்ற தடுப்பு கார்பன் ஃபில்டருக்குப் பின்னால் நிற்கிறது. சி.டி.ஐ.க்கு மாறினால் முழுப் பாரமும் கார்பன் தலையில். சுற்றிலும் வயல் உள்ள போர் என்றால் கார்பனை அடிக்கடி மாற்றும் செலவையும் சேர்த்துத்தான் விலை ஒப்பிட வேண்டும்.

யு.வி.யா ஓசோனா என்ற கேள்விக்கு அதிக நேரம் வேண்டாம். கேன் கடையில் நாள்கணக்கில் நிற்கும், யு.வி. விளக்கைத் தாண்டிய பிறகு தண்ணீரில் எதுவும் மிஞ்சாது. ஓசோன் கொஞ்ச நேரம் நிற்கும், மூடிக்குள்ளும் வேலை செய்யும். ஆனால் கடலோரத் தண்ணீரில் புரோமைடு இருக்கும். அங்கே ஓசோனை அளவு மீறி விட்டால் உடலுக்குக் கெடுதலான புரோமேட் உண்டாகும்.

மொபைலில் எல்லாம் தெரியும் என்று விற்கும் கண்காணிப்பு பேனல், ஒரே ஷெட்டில் ஒரு ஆபரேட்டர் இருக்கும் ஆலைக்குத் தேவையில்லை. இரண்டு ஃப்ளோ மீட்டர், முன்னும் பின்னும் பிரஷர் கேஜ், டி.டி.எஸ். மீட்டர், தினமும் எழுத ஒரு நோட்டு போதும். 2024 இறுதியில் பேக் செய்த குடிநீரை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அதிக அபாயப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆய்வுக்கு வருபவரிடம் நீட்டவும் அந்த நோட்டு உதவும். நோட்டில் தண்ணீரின் வெப்பநிலையையும் எழுதுங்கள். ஒரு டிகிரி குறைந்தால் உற்பத்தி சுமார் 3 சதவீதம் குறையும். மார்கழியில் டேங்க் தண்ணீர் 4 டிகிரி குளிர்ந்தாலே 12 சதவீதம் போய்விடும். அதைக் காட்டி, மெம்பரேன் போச்சு என்று புது செட் விற்றுவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

எதை வாங்குவதானாலும் உங்கள் போர் தண்ணீரில் ஒரு சின்ன யூனிட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், கோடையும் அதில் அடங்க வேண்டும். மின்வாயோ மெம்பரேனோ மாற்றும் விலையை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். மே மாதம் மெஷின் நின்றால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், எந்த ஊரிலிருந்து வருவார் என்பதையும் எழுதி வாங்குங்கள். பழைய ஆர்.ஓ.வை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள். முதல் வைகாசி முடிகிறவரை அதைக் கழற்ற விடாதீர்கள்.