பெரம்பலூர், அரியலூரிலிருந்து கடற்கரைக்கு: மூன்று நாள் பனிக்காலப் பயண வழிகாட்டி

பெரம்பலூரும் அரியலூரும் இன்று கடலைத் தொடாத மாவட்டங்களாக இருப்பினும், அவற்றின் நிலத்தில் ஒரு பெரும்பகுதி முன்னொரு காலத்தில் கடலடியில் கிடந்தது என்பதற்கு அங்குள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும், அவற்றில் கிடைக்கும் சிப்பி, கிளிஞ்சல் படிவங்களும் சான்றாக நிற்கின்றன. நிலவியலார் கிரெட்டேசியஸ் என்று அழைக்கும் காலத்தில், அதாவது ஏறத்தாழ 14 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலத்தில், கடல் இப்பகுதிக்குள் புகுவதும் பின்வாங்குவதுமாக இருந்தது. எனவே இவ்விரு மாவட்டங்களிலிருந்து கடற்கரைக்குப் புறப்படுவோர், இடைப்பட்ட வழியை விரைந்து கடந்துவிட வேண்டிய தூரமாகக் கொள்ளாமல், பழைய கடலிலிருந்து இன்றைய கடல் வரை செல்லும் ஒரே பயணமாக அமைத்துக்கொள்வது சிறந்தது. அதற்கான படிகள் கீழே முறையாகத் தரப்படுகின்றன.

1. காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிப்பதாலும், 2011ஆம் ஆண்டின் 'தானே' புயல் டிசம்பர் 30 அன்று கடலூர் அருகே கரையைக் கடந்ததைப் போல ஆண்டின் கடைசி நாள்களிலும் புயல் வரக்கூடும் என்பதாலும், மார்கழியைத் தவிர்த்துத் தை இரண்டாம் வாரம் முதல் மாசி முடியும் வரையுள்ள நாள்களைத் தேர்ந்தெடுப்பது நலம். அப்போது மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிராது, ஏரிகளில் நீரும் நீரை நாடி வரும் பறவைகளும் இருக்கும். பொங்கல் விடுமுறையில், குறிப்பாகக் காணும் பொங்கலன்று, கடற்கரைகளில் கூட்டம் மிகுதியாக இருக்கும் என்பதும் தை முதல் வாரத்தை விட்டுவிடுவதற்கு ஒரு காரணம். தரங்கம்பாடிக் கோட்டையிலுள்ள அருங்காட்சியகத்திற்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே வெள்ளியன்று புறப்பட்டு ஞாயிறன்று கோட்டையைக் காணுமாறு திட்டமிடுவது வசதியானது.

2. தங்குமிடமும் வாகனமும்

முதல் இரவைச் சிதம்பரத்திலும், இரண்டாம் இரவைத் தரங்கம்பாடியிலோ அருகிலுள்ள திருக்கடையூரிலோ கழிக்கலாம். தரங்கம்பாடியில் விடுதிகள் சிலவே உள்ளன. திருக்கடையூரில் விடுதிகள் நிறைய இருந்தாலும், அறுபது வயது நிறைவில் செய்யும் மணிவிழாவுக்கும் எண்பதாம் வயதில் செய்யும் சதாபிஷேகத்திற்கும் குடும்பங்கள் திரண்டு வரும் ஊர் அது என்பதால், தை மாத முகூர்த்த நாள்களில் அறை கிடைப்பது அரிது; நாள்காட்டியைப் பார்த்து முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். பெரம்பலூர் நகருக்கு இரயில் நிலையம் இல்லை; அரியலூர் நிலையமோ விழுப்புரம்–திருச்சி தடத்தில் இருப்பதால் கிழக்கு நோக்கிய இப்பயணத்திற்கு உதவாது. பேருந்தில் செல்வோர் செயங்கொண்டம், சிதம்பரம், சீர்காழி ஆகிய ஊர்களில் மாறிச் செல்லலாம் என்றாலும், வழியிலுள்ள இடங்களையும் காண விரும்பும் குடும்பத்திற்கு வாடகைக் காரே ஏற்றது. அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகளின் நடமாட்டம் மிகுதி என்பதையும், விடியற்காலைப் பனிமூட்டத்தில் அவை கண்ணுக்குத் தாமதமாகவே தெரியும் என்பதையும் ஓட்டுநர் நினைவில் கொள்ள வேண்டும்.

3. முதல் நாள்: பழைய கடலின் தடங்கள்

காலை 8 மணியளவில், பெரம்பலூர் மாவட்டத்தின் சாத்தனூரில் உள்ள கல்மரத்திலிருந்து தொடங்கலாம். 1940ஆம் ஆண்டில் நிலவியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த இம்மரம், 18 மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் தரையில் கிடக்கிறது. கரையோரக் காட்டில் நின்ற ஊசியிலை மரம் ஒன்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுக் கடற்படிவுகளுக்குள் புதைந்து, அதன் திசுக்களில் சிலிக்கா எனப்படும் மணற்சத்து சிறிது சிறிதாகப் புகுந்து நிரம்பியதால் மரம் தன் வடிவம் மாறாமல் கல்லாயிற்று. குனிந்து அருகில் பார்ப்போர் மரத்தின் வரிகளைக் கல்லிலேயே காணலாம்.

அங்கிருந்து அரியலூர் வழியாக வாரணவாசிக்குச் சென்று, புதைபடிவ அருங்காட்சியகத்தில் அம்மோனைட்டுகளைப் பார்ப்பது அடுத்த கட்டம். கணவாய் மீனின் உறவினமாகி, சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்து, முற்றிலும் அழிந்துபோன கடல் உயிரிகளே அம்மோனைட்டுகள் ஆகும். வழியில் இத்தகைய படிவங்கள் கண்ணில் பட்டால் படமெடுத்துக்கொள்ளலாமே தவிர, எடுத்துச் செல்லலாகாது. கிடந்த இடத்தைவிட்டு அகற்றப்பட்ட படிவம், எந்த அடுக்குக்கு உரியது என்ற செய்தியை இழந்துவிடுகிறது.

கோயில்கள் நண்பகலில் நடைசாத்தப்படுவதால், செயங்கொண்டத்தில் உணவை முடித்துக்கொண்டு, மாலை 4 மணிக்கு மேல் கங்கைகொண்ட சோழபுரத்தை அடைவது பொருத்தமானது. முதலாம் இராசேந்திரன் எழுப்பிய அப்பெருங்கோயிலைக் கண்டபின், மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோயில் வழியாகச் சிதம்பரம் சேரலாம்.

4. இரண்டாம் நாள்: பிச்சாவரமும் பூம்புகாரும்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில், ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் பிச்சாவரம் அலையாத்திக் காடு விரிந்துள்ளது. உப்புநீரும் நன்னீரும் கலக்கும் சேற்றில் வளரும் மரங்களின் தொகுதியே அலையாத்திக் காடு எனப்படும். விசைப்படகு அகன்ற நீர்வழிகளில் மட்டுமே செல்லும் என்பதால், வெயில் ஏறுமுன் துடுப்புப் படகில் சென்று குறுகிய கால்வாய்களுக்குள் நுழைவதே இவ்விடத்தைக் காணும் முறையாகும். சுரபுன்னை மரங்கள் கிளைகளிலிருந்து தாங்குவேர்களை இறக்கி நிற்பதையும், வெண்கண்டல் மரங்களின் மூச்சுவேர்கள், காற்றில்லாத சேற்றிலிருந்து விரலளவில் நிமிர்ந்து நின்று காற்றை உள்ளிழுப்பதையும் அங்கே கையெட்டும் தொலைவில் காணலாம். சிதம்பரத்தின் தலமரமான தில்லையும் இங்கு வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலை உண்டாக்கும் என்பதால், குழந்தைகள் கிளைகளை ஒடிக்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிற்பகலில் சீர்காழி வழியாகப் பூம்புகார் சென்று, 1973ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும், காவிரி கடலில் கலக்கும் இடத்தையும் பார்த்துவிட்டு, இருட்டுமுன் தரங்கம்பாடியிலோ திருக்கடையூரிலோ உள்ள தங்குமிடம் சேரலாம்.

5. மூன்றாம் நாள்: தரங்கம்பாடியும் திரும்பும் வழியும்

கிழக்குக் கடற்கரையில் கதிரவன் கடலிலிருந்தே எழுவதால், காலை 6 மணிக்குள் தரங்கம்பாடிக் கரைக்கு வந்துவிட வேண்டும். தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனியர் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டையும், 1706இல் வந்திறங்கிய கிறித்தவ சமயப் பணியாளர் சீகன்பால்கு 1718இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயமும், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்து கடலரிப்பால் முற்பகுதியை இழந்த மாசிலாமணிநாதர் கோயிலும் நடந்தே செல்லும் தொலைவில் உள்ளன. உள்நாட்டில் சாத்தனூரைக் கடல் கைவிட்டுப் போனதையும், இங்கே அதே கடல் ஒரு கோயிலைக் கரைத்துக்கொண்டிருப்பதையும் சேர்த்துப் பார்க்கும் மாணவருக்குக் கரை என்பது நிலையான கோடு அன்று என்பது எளிதில் விளங்கும்.

நண்பகலில் புறப்பட்டு மயிலாடுதுறை, கும்பகோணம், திருவையாறு, திருமானூர் வழியாக வந்தால், மாலையில் கரைவெட்டிப் பறவைகள் காப்பிடத்தை அடையலாம். ஈரநிலங்களைக் காக்க 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் உருவான உடன்படிக்கையின் பட்டியலில் இந்த ஏரி 2024இல் இடம்பெற்றது. நடு ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளைக் காண இருநோக்கி தேவைப்படும்.

6. எடுத்துக்கொள்வனவும் எச்சரிக்கைகளும்

மெல்லிய கம்பளி, தொப்பி, வழுக்காத காலணி, குடிநீர் ஆகியவை போதுமானவை. பனிக்காலத்திலும் அலைகள் வலிமை குறையாதவை. கரையை அடைந்த நீர் ஒரு குறுகிய தடத்தில் விரைந்து கடலுக்குத் திரும்பும் இழுவை நீரோட்டம், நீந்தத் தெரிந்தவரையும் உள்ளே கொண்டுசெல்லும். ஆகவே கணுக்கால் அளவு நீரோடு நின்றுவிட வேண்டும். முகத்துவாரங்களில் இறங்கவே கூடாது.

இரண்டு நாள்கள் மட்டுமே வாய்ப்பவர்கள் பூம்புகாரையும் பிச்சாவரத்தையும் மற்றொரு முறைக்கு ஒதுக்கிவைத்து, சாத்தனூர், வாரணவாசி, தரங்கம்பாடி, கரைவெட்டி ஆகிய நான்கையும் விடாமல் பார்க்கலாம். சொந்த மாவட்டத்தின் நிலத்தையும் அதைவிட்டு விலகிய கடலையும் ஒருங்கே அறிவதற்கு அவையே போதுமானவை.