பாடக் காணொலி தயாரிக்க எந்த மடிக்கணினி?

மஞ்சள் தடவிய தாளில் சோப்புக் கரைசலை வைத்தால் செந்நிறமாக மாறும். எட்டாம் வகுப்புக்காக இந்தச் சோதனையை எடமலைப்பட்டி புதூரில் உள்ள என் வீட்டுச் சமையலறையில் கைபேசியில் படம்பிடித்தேன். புதிதாக வாங்கிய மடிக்கணினியில் தொகுத்தேன். மஞ்சள் நிறம் வெளிறித் தெரிந்ததால் நிறத்தைச் சற்றுக் கூட்டினேன். மறுநாள் திறன்பலகையில் ஓடவிட்டபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், சோப்பு ஊத்துறதுக்கு முன்னாடியே தாள் ஆரஞ்சாத்தானே இருக்கு?"

அவள் கேட்டது சரி. தவறு மஞ்சளில் இல்லை. என் மடிக்கணினியின் திரையில் இருந்தது. நிறமாற்றமே பாடமாக இருக்கும் இடத்தில் நிறம் பொய் சொல்லிவிட்டது. விலைக்குறைவை மட்டும் பார்த்து வாங்கியதன் விளைவு அது. சொந்தப் பணத்தில் கணினி வாங்க எண்ணும் ஆசிரிய நண்பர்களுக்கு, அதன்பின் நான் கற்றவற்றை இங்கே தருகிறேன்.

1. திரை

விவரத்தாளில் 'முழு எச்டி' என்பது புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டுமே சொல்லும். நிறத்தைப் பற்றிச் சொல்லாது. '45% என்டிஎஸ்சி' என்று இருந்தால், இணையத்திலும் கணினித் திரைகளிலும் பொதுவாகப் பின்பற்றப்படும் எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே அத்திரை காட்டும். '100% எஸ்ஆர்ஜிபி' என்று இருப்பதே படத்தொகுப்புக்கு ஏற்றது. ஐபிஎஸ் திரையாக இருந்தால் பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. ஆனால் ஐபிஎஸ் திரைகளிலும் நிறக்குறைவானவை உண்டு. இரண்டையும் பார்க்க வேண்டும்.

2. நினைவகம்

ஷாட்கட் என்ற இலவசத் தொகுப்பு மென்பொருள் முழு எச்டி காணொலிக்குக் குறைந்தது 8 ஜிபி, 4கே காணொலிக்கு 16 ஜிபி நினைவகம் கேட்கிறது. தனி வரைகலை அட்டை இல்லாத கணினியில் திரைக்கான பங்கும் இதே நினைவகத்திலிருந்தே போகும். உலாவியும் திறந்திருந்தால் 8 ஜிபி திணறும். எனவே 16 ஜிபி நல்லது. இப்போது 8 ஜிபி வாங்கிப் பின்னர் கூட்டிக்கொள்ளலாம் என்று எண்ணினால், கூடுதல் நினைவகம் பொருத்த இடம் உள்ளதா என்று முதலில் கேளுங்கள். பல மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்ட முடியாது.

3. செயலி

பெயரில் ஏமாற வேண்டாம். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டுக்கும் ஓர் இலக்கம்தான் வேறுபாடு. முன்னதில் 4 கோர்கள், பின்னதில் 6 கோர்கள். இவ்வரிசையில் மூன்றாவது இலக்கம் வடிவமைப்பின் தலைமுறையைக் காட்டும்; 2 என்பது 3ஐவிடப் பழையது. முடித்த காணொலியைக் கோப்பாக மாற்றும்போது இந்த வேறுபாடு காத்திருக்கும் நேரமாகத் தெரியும். வெட்டுதல், ஒட்டுதல், எழுத்துச் சேர்த்தல் போன்ற நம் தேவைகளுக்குத் தனி வரைகலை அட்டை கட்டாயமில்லை. அந்தப் பணத்தைத் திரைக்கும் நினைவகத்துக்கும் செலவிடலாம்.

4. சேமிப்பு

இதை வகுப்பில் கணக்காகவே கொடுக்கலாம். கைபேசி விநாடிக்கு 17 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால், ஒரு நிமிடத்துக்கு 17 × 60 = 1020 மெகாபிட். 8 பிட் ஒரு பைட் என்பதால் 127.5 மெகாபைட். 40 நிமிடப் பதிவுக்கு 5100 மெகாபைட், அதாவது ஏறத்தாழ 5 ஜிபி. 30 பாடங்களுக்கு 150 ஜிபிக்கு மேல். ஆகவே 512 ஜிபி எஸ்எஸ்டி வாங்குவதே பொருத்தம். பாடம் முடிந்ததும் மூலப் பதிவுகளை வெளிப்புற வட்டில் படியெடுத்து வைப்பது இன்னும் பாதுகாப்பு.

5. கடையில் செய்ய வேண்டியவை

ஒரு பென் டிரைவில் நீங்களே எடுத்த இரண்டு நிமிடக் காணொலியையும், நன்கு தெரிந்த நிறங்கள் உள்ள ஒரு புகைப்படத்தையும் கொண்டு செல்லுங்கள். செம்பருத்திப் பூ, மஞ்சள்தூள், பாடநூல் அட்டை போன்றவை போதும். ஒரே படத்தை இரண்டு கணினிகளிலும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். பழைய கணினி வாங்குவோர் அதில் விண்டோஸ் 11 இயங்குமா என்று பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

இருக்கும் கணினியே போதுமா?

பல நேரங்களில் போதும். ஷாட்கட்டில் 'பிராக்சி' வசதியை இயக்கினால், தொகுக்கும்போது சிறிய நகலைக் கொண்டு வேலை நடக்கும். இறுதிக் கோப்பு மூலத் தரத்திலேயே வரும். கைபேசியில் 4கேக்குப் பதில் முழு எச்டி தேர்ந்தாலும் சுமை குறையும். நான் புதிய கணினி வாங்கவில்லை. இப்போது நிறத்தைத் திருத்தும் முன் திறன்பலகையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன்.

மஞ்சள் காணொலியைத் திருத்தாத நிறத்தில் மீண்டும் காட்டினேன். கேள்வி கேட்ட அதே மாணவியை அழைத்து, மேசையில் உண்மையான மஞ்சள் தாளையும் வைக்கச் சொன்னேன். இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு, "இப்போ சரியா இருக்கு சார்" என்றாள். எந்தக் கணினி வாங்கினாலும் கடைசிச் சோதனை அதுதான்.