மறதிப் பூனை மோக்

இங்கிலாந்துக் குழந்தைகள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக விரும்பிப் படித்துவரும் படக்கதைகளுள் ஒன்று, மோக் என்னும் வீட்டுப் பூனையைப் பற்றியது. அக்கதையின் முதல் நூல் 1970ஆம் ஆண்டு வெளிவந்தது. அதை எழுதியவரும் அதற்குப் படம் வரைந்தவரும் ஜூடித் கெர் என்னும் ஒருவரே.

மோக், தாமஸ் குடும்பத்தாரின் பூனை. நல்ல பூனைதான், ஆனால், மறதி அதிகம். சாப்பிட்டதை மறந்துவிட்டு மீண்டும் சாப்பாடு கேட்கும். அது வந்து போவதற்கென்றே கதவில் ஒரு சிறு திறப்பு உண்டு. தோட்டத்துக்குப் போனதும் அந்தத் திறப்பு இருப்பதே அதற்கு நினைவில் இராது. சமையலறைச் சன்னலுக்கு வெளியே, பூச்செடிகளின்மீது ஏறி உட்கார்ந்து, உள்ளே விடும்படி கத்தும். செடிகள் நசுங்கிப் போகும். நிக்கிக்கு வைத்திருந்த முட்டையை அது தின்றுவிடுகிறது. திருமதி தாமஸின் தொப்பிமீது படுத்து அதை உருக்குலைத்துவிடுகிறது. தூங்கும் டெபியின் தலைமுடியை நக்க, அவள் புலி வந்ததாகக் கனவு கண்டு அலறுகிறாள். ஒவ்வொரு முறையும் வீட்டாரின் சலிப்பு கூடுகிறது. யாருக்கும் தன்னைப் பிடிக்கவில்லை என எண்ணி, மோக் இருட்டில் தோட்டத்தில் தனியே உட்கார்ந்திருக்கிறது.

அப்போது சமையலறையில் வெளிச்சம் தெரிகிறது. உள்ளே இருப்பவன் திருடன். மோக்குக்கு அது தெரியாது. இவனாவது தன்னை உள்ளே விடுவான், சாப்பாடும் தருவான் என்று நம்பி, வழக்கம்போல உரக்கக் கத்துகிறது. திருடன் திடுக்கிட, வீடே விழித்துக்கொள்கிறது. அவன் பிடிபடுகிறான். மோக்குக்குப் பதக்கம் கிடைக்கிறது; நாள்தோறும் காலையில் ஒரு முட்டையும் கிடைக்கிறது.

கதையின் சுவை இங்கேதான் இருக்கிறது. மோக் திருந்தவில்லை, வீரமாக எதையும் செய்யவுமில்லை. எந்தக் குறைக்காகத் திட்டு வாங்கியதோ, அதே குறைதான் வீட்டைக் காப்பாற்றியது. குறும்பு செய்த பிள்ளை இறுதியில் மனம் மாறுவதாக முடியும் கதைகள் எத்தனையோ உண்டு. அந்தப் பாதையில் இக்கதை செல்லவில்லை.

இதை எழுதிய கெர் 1923இல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் பிறந்தவர். அவர் தந்தை ஆல்பிரட் கெர், புகழ்பெற்ற நாடகத் திறனாய்வாளர், யூதர், இட்லரை வெளிப்படையாக எதிர்த்தவர். 1933இல் நாஜிகள் ஆட்சியைப் பிடித்தபோது அக்குடும்பம் நாட்டைவிட்டுத் தப்பியது. ஜூடித்துக்கு அப்போது ஒன்பது வயது. சுவிட்சர்லாந்து, பிரான்சு எனத் தங்கி, 1936இல் அவர்கள் இலண்டனை அடைந்தனர். பெர்லினில் விட்டுவந்த இளஞ்சிவப்பு நிற முயல் பொம்மையை நினைவுகூரும் தலைப்புடன், அவர் அந்நாள்களை 1971இல் ஒரு நாவலாக எழுதினார்.

இவ்வரலாற்றை அறிந்தவர்க்கு, சன்னலுக்கு வெளியே நின்று உள்ளே விடச் சொல்லிக் கத்தும் மோக்கிடம் ஓர் அகதியின் சாயல் தெரியலாம். ஆயினும், அப்படியே முடிவு கட்டிவிடுவது மிகை. அலைந்து திரிந்த அந்த ஆண்டுகள் சிறுமியான தமக்குச் சாகசமாகவே தோன்றின என்றும், பாரத்தைச் சுமந்தவர்கள் பெற்றோரே என்றும் கெர் கூறியுள்ளார். மோக் அவர் வீட்டில் உண்மையில் வளர்ந்த பூனையின் வார்ப்பு. மேலும், படத்தில் தெரிவதைச் சொற்களில் மீண்டும் சொல்லக்கூடாது என்பது அவர் கொள்கை. எனவே, மோக்கின் உருண்ட கண்களையும் சுருண்ட வாலையும் பார்த்தே அதன் மனத்தைப் படிக்க வேண்டும்.

முதல் நூலைத் தொடர்ந்து மோக் பல நூல்களில் வந்தது. 2002இல், எண்பது வயதை நெருங்கிய கெர், யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார், மோக்கை இறக்கவைத்தார். சிறு பிள்ளைகளின் நூலில் இறப்பா எனப் பெற்றோர் சிலர் தயங்கியதில் வியப்பில்லை. அவர் அதை மூடி மறைக்கவுமில்லை, அச்சுறுத்தும்படி எழுதவுமில்லை. களைத்துப்போன மோக் நிரந்தரமாக உறங்கிவிடுகிறது. ஆனால், அடுத்து என்ன நடக்கும் என்று பார்க்கும் ஆவலில் அதன் ஒரு சிறு பகுதி மட்டும் விழித்திருக்கிறது. வீட்டார் அழுவதை அது பார்க்கிறது. பின்னர், ஒரு பூனைக்குட்டி அவ்வீட்டுக்கு வருகிறது. புதிய இடத்தில் எதைக் கண்டாலும் மிரள்கிறது. மோக்குக்கு முதலில் அதைப் பிடிக்கவில்லை. போகப் போக, அந்தக் குட்டி வீட்டாரோடு ஒட்டிக்கொள்ள மோக்கே வழிகாட்டுகிறது. தன்னை அவர்கள் மறக்கமாட்டார்கள் என்று அறிந்த பிறகே, அந்த மறதிப் பூனை சூரியனை நோக்கிப் பறந்து செல்கிறது.